மண்ணீரல் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக் விபத்தில் மண்ணீரல் சிதைந்து அதை அகற்றியவர்கள், ரத்த நோய்க்காக எடுத்தவர்கள், மண்ணீரல் உள்ளே இருந்தும் வேலை செய்யாதவர்கள், இவர்களின் வீட்டார் ஆகியோருக்காக இந்தப் பக்கம். ஊசிகளின் பெயர், இடைவெளி, எந்த இடத்தில் தவறு நடக்கிறது என்பதையெல்லாம் இங்கே சொல்லியிருக்கிறோம். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

மண்ணீரலை எடுத்தாச்சு, ஆள் நல்லாத்தான் இருக்காரு. அப்புறம் எதுக்கு இத்தனை ஊசி?

மண்ணீரல் ரத்தத்தை வடிகட்டும் உறுப்பு. ரத்தத்தில் நுழையும் கிருமிகளில் சிலவற்றுக்கு மேலே வழவழப்பான சர்க்கரை உறை ஒன்று இருக்கும். அந்த உறையால் அவை வெள்ளணுக்களின் பிடியிலிருந்து நழுவிவிடும். அவற்றைப் பிடிப்பதில் மண்ணீரலுக்கு இணையான உறுப்பு வேறு இல்லை; அந்த உறைக்கு எதிரான ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்புப் புரதத்தை, அவசரமாகத் தயாரிக்கும் அணுக்களும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி ஆகிய மூன்றும் இந்த வகை. இவற்றில் அதிகம் ஆளைக் கொல்வது நிமோகாக்கஸ்.

மண்ணீரல் இல்லாதவருக்கு இந்தக் கிருமி ரத்தத்தில் ஏறினால் காலையில் குளிர் காய்ச்சல், மாலையில் ரத்த அழுத்தம் சரிவு, மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று போகும். சிகிச்சை கொடுத்தும் பாதிப் பேர் வரை இறந்துபோவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. எல்லோருக்கும் இது வந்துவிடுவதில்லை, வருவது அபூர்வம்தான். ஆனால் வந்தால் யோசிக்க நேரம் தராது. அறுவைக்குப் பிறகான முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஆபத்து அதிகம். அதன் பிறகு குறைந்தாலும் ஆயுள் முழுக்க இருக்கும். 1952இலேயே குழந்தைகளிடம் இதைக் கவனித்து எழுதிவிட்டார்கள். இன்றும் பல டிஸ்சார்ஜ் சம்மரிகளில் தடுப்பூசி பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

ஆபரேஷன் ஆகாதவங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். சிக்கிள் செல் ரத்தசோகை உள்ள குழந்தைகளின் மண்ணீரல் சிறு வயதிலேயே சுருங்கிச் செயலிழந்துவிடும். இந்தியாவில் அந்த நோயை முதன்முதலில் கண்டறிந்தது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான், 1952இல். அங்கிருந்து சிகிச்சைக்காகச் சென்னைக்கு வரும் குடும்பங்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். தலசீமியா உள்ள சிலர், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றவர்கள், மண்ணீரல் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்கள், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகளில் ஒரு பகுதியினர், பிறவி இதயக் கோளாறோடு மண்ணீரல் இல்லாமலே பிறந்த குழந்தைகள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

கல்லீரல் நோயால் மண்ணீரல் வீங்கியிருப்பவர்களின் கதை வேறு. அவர்களுக்குக் கல்லீரல் நோயின் பெயராலேயே நிமோகாக்கஸ் ஊசி தேவைப்படும்.

விபத்துக்குப் பிறகு வயிற்றில் சிதறிய மண்ணீரல் துணுக்குகள் வளர்ந்து ஸ்கேனில் தெரிவதுண்டு. "அதுதான் திரும்ப வளந்துடுச்சே" என்று ஊசியை விட்டுவிடாதீர்கள். அந்தத் துணுக்குகளை நம்ப முடியாது.

மண்ணீரல் வேலை செய்யுதான்னு எந்த டெஸ்ட்ல தெரியும்?

ஸ்கேன் அளவைச் சொல்லும், வேலையைச் சொல்லாது. எளிய வழி ரத்தப் பூச்சு, அதாவது பெரிபெரல் ஸ்மியர். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது சில சிவப்பணுக்களுக்குள் கருஊதா நிறத்தில் ஒரே ஒரு உருண்டைப் புள்ளி தெரியும். அதற்கு ஹோவெல்-ஜாலி துகள் என்று பெயர். வேலை செய்யும் மண்ணீரல் அந்தப் புள்ளியைக் கிள்ளி எடுத்துவிட்டுத்தான் அணுவை வெளியே விடும். புள்ளியோடு அணுக்கள் சுற்றினால் வடிகட்டி வேலை செய்யவில்லை என்று பொருள்.

இங்கே ஒரு சிக்கல். லேபில் இயந்திரம் அச்சடித்துத் தரும் முழு ரத்த எண்ணிக்கையில் இது வராது. ஒருவர் உட்கார்ந்து ஸ்லைடைப் பார்க்க வேண்டும். சீட்டில் "ஸ்மியர், ஹோவெல்-ஜாலி இருக்கிறதா" என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். புள்ளி தெரியவில்லை என்பதால் மட்டும் மண்ணீரல் முழுமையாக வேலை செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. லேசான குறைபாடு இந்தச் சோதனையில் தப்பிவிடும்.

எந்தெந்த ஊசி?

நிமோகாக்கஸுக்கு, மெனிங்கோகாக்கஸ் ஏ-சி-டபிள்யூ-ஒய் வகைகளுக்கு, ஹிப்புக்கு, அதோடு ஆண்டுதோறும் ஃப்ளூவுக்கு. மெனிங்கோகாக்கஸ் பி வகைக்குத் தனி ஊசி உண்டு. இங்கிலாந்து, அமெரிக்காவில் மண்ணீரல் இல்லாதவர்களுக்கு அதையும் போடுகிறார்கள். படிக்கவோ வேலைக்கோ அங்கே போகிறவர்கள் போய்ச் சேர்ந்ததும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

நிமோகாக்கஸ் ஊசியில்தான் குழப்பம் அதிகம். இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று கான்ஜுகேட் ஊசி: பிரீவ்னார் 13 போன்றது. கிருமியின் சர்க்கரை உறையைப் புரதம் ஒன்றோடு இணைத்துச் செய்வதால் நினைவாற்றல் உள்ள எதிர்ப்பு உருவாகும். இன்னொன்று நியூமோவாக்ஸ் 23: இதில் 23 வகைக் கிருமிகளின் வெறும் உறைச் சர்க்கரை மட்டும் இருக்கும். வகை அதிகம், ஆனால் நினைவு நிற்காது. 2 வயதுக்குக் கீழே வேலையும் செய்யாது. இரண்டுக்கும் ஒரே பெயராக "நிமோனியா ஊசி" என்று மருந்துக்கடையில் சொல்வார்கள். எது என்று அட்டையைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?

திட்டமிட்ட அறுவை என்றால் முன்னாடி. குறைந்தது 2 வாரம் முன்பு. 4 முதல் 6 வாரம் கிடைத்தால் நல்லது. மண்ணீரல் இருக்கும்போதே ஊசி போட்டால் அதன் உதவியோடு ஆன்டிபாடி உருவாகும். அறுவைத் தேதி குறிக்கும் நாளிலேயே ஊசிச் சீட்டும் எழுதச் சொல்ல வேண்டும். ரத்தம் தயார் செய்வது, மயக்க மருந்து டாக்டரைப் பார்ப்பது, காப்பீட்டு அனுமதி வாங்குவது என்ற ஓட்டத்தில் இதுதான் முதலில் மறந்துபோகும்.

விபத்து அறுவை என்றால் முன்கூட்டியே போட வழியில்லை. அறுவை முடிந்து 14 நாள் கழித்துப் போடுவது நல்லது. அடிபட்ட உடல், ரத்தம் ஏற்றிய உடல் முதல் சில நாட்களில் ஊசிக்குச் சரியாகப் பதில் தராது. 14ஆம் நாள் போட்டவர்களின் ஆன்டிபாடி கூடுதல் திறனோடு வேலை செய்ததாக ஆய்வு உண்டு.

ஆனால் இந்த 14 நாள் விதியைப் பிடித்துக்கொண்டு ஆளையே தவறவிடுவதும் நடக்கிறது. திருவண்ணாமலையிலிருந்தோ சித்தூரிலிருந்தோ சென்ட்ரல் ஜி.எச்.சுக்கு வந்து அறுவை செய்தவர், 8ஆம் நாள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவாரா என்பது சந்தேகம். அப்படியென்றால் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே போட்டுவிடுவது மேல். கொஞ்சம் குறைவான பதில் கிடைத்தாலும், போடாத ஊசியைவிட அது எவ்வளவோ நல்லது.

வரிசையைத் தேதி போட்டுச் சொல்ல முடியுமா?

இதுவரை எதுவும் போடாத, 35 வயதுள்ள ஒருவருக்கு மார்ச் 1 அன்று விபத்தில் மண்ணீரல் அகற்றப்பட்டது என்று வைத்துக்கொள்வோம்.

மார்ச் 15: பிரீவ்னார் 13, ஹிப், ஃப்ளூ, மெனிங்கோகாக்கஸ் முதல் டோஸ். நான்கும் ஒரே நாளில் போடலாம். கைக்கு இரண்டாகப் பிரித்து, ஒரே கையில் போடும் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 2.5 செ.மீ. இடைவெளி விட வேண்டும். ஒவ்வொன்றும் 0.5 மி.லி. இருக்கும் இந்த ஊசிகள் தோள்பட்டைத் தசையில் போடப்படுபவை.

மே 10 (8 வாரம் கழித்து): நியூமோவாக்ஸ் 23, மெனிங்கோகாக்கஸ் இரண்டாம் டோஸ்.

5 ஆண்டு கழித்து: நியூமோவாக்ஸ் 23 இன்னொரு முறை, மெனிங்கோகாக்கஸ் ஊக்கத் தவணை. மெனிங்கோகாக்கஸை அதன் பிறகும் 5 ஆண்டுக்கு ஒருமுறை தொடர வேண்டும். ஹிப் ஒருமுறை போதும். ஃப்ளூ ஆண்டுதோறும்.

இந்த வரிசை ஓரிடத்தில் மாறும். கையில் இருப்பது மெனாக்ட்ரா என்ற மெனிங்கோகாக்கஸ் ஊசி என்றால் அதை பிரீவ்னாரோடு சேர்த்துப் போடக் கூடாது. மெனாக்ட்ராவில் உறைச் சர்க்கரை டிப்தீரியா டாக்ஸாய்டோடு இணைக்கப்பட்டிருக்கும். சேர்த்துப் போட்டால் சில நிமோகாக்கஸ் வகைகளுக்கு எதிரான ஆன்டிபாடி குறைவாக உருவாகிறது. மண்ணீரல் இல்லாதவருக்கு நிமோகாக்கஸ்தான் முதல் எதிரி, அதை விட்டுக்கொடுக்க முடியாது. எனவே கான்ஜுகேட் ஊசி முடிந்து 4 வாரம் கழித்து மெனாக்ட்ரா: மேற்சொன்ன கணக்கில் ஏப்ரல் 12. அதன் இரண்டாம் டோஸ் ஜூன் 7. டெட்டனஸ் டாக்ஸாய்டோடோ சி.ஆர்.எம். 197 என்ற புரதத்தோடோ இணைக்கப்பட்ட மற்ற ஏ-சி-டபிள்யூ-ஒய் ஊசிகளுக்கு இந்தத் தடை இல்லை.

திட்டமிட்ட அறுவைக்கு 3 வாரம்தான் இருக்கிறது என்றால் முதல் நாள் ஊசிகளை இப்போதே போட்டுவிட்டு, மீதியை அறுவைக்குப் பிறகு, முதல் ஊசி நாளிலிருந்து 8 வாரக் கணக்கில் முடிக்கலாம். ஏதாவது தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

23 வகைன்னா அதுதானே பெருசு? முதல்ல அதையே போட்டுட்டா?

இந்தத் தவறுதான் சென்னையில் நிறைய நடக்கிறது. ஒரே ஊசி, வகை அதிகம், விலையும் குறைவு என்று நியூமோவாக்ஸ் 23 மட்டும் போட்டு அனுப்பிவிடுவார்கள். வெறும் சர்க்கரை ஊசி, இருக்கும் நினைவு அணுக்களைச் செலவழித்துவிட்டு புதியதை உருவாக்காமல் போய்விடும். அதற்குப் பின்னாலேயே கான்ஜுகேட் போட்டால் பதில் மந்தமாக இருக்கும். அதனால் பெரியவர்களுக்கு 23 முதலில் போட்டாகிவிட்டது என்றால் கான்ஜுகேட் ஊசிக்கு ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கு 8 வாரம். சரியான வரிசையில் 8 வாரத்தில் முடியும் வேலை, வரிசை மாறினால் ஓர் ஆண்டு இழுக்கிறது. அந்த ஆண்டுதான் ஆபத்து அதிகமுள்ள ஆண்டும்கூட.

20 வகை கான்ஜுகேட் ஊசின்னு கேள்விப்பட்டோம். அது கிடைச்சா?

பெரியவர்களுக்கு 20 வகை ஊசி கிடைத்தால் ஒன்றே போதும். அதன் பிறகு நியூமோவாக்ஸ் 23 தேவையில்லை என்பது அமெரிக்கப் பரிந்துரை. ஏற்கெனவே 13 மட்டும் போட்டவர் ஓர் ஆண்டு கழித்தும், 13, 23 இரண்டும் போட்டவர் கடைசி ஊசியிலிருந்து 5 ஆண்டு கழித்தும் 20 வகையை ஒருமுறை போட்டு நிமோகாக்கஸ் கணக்கை முடிக்கலாம். 20 வகை கிடைக்கட்டும் என்று 13 வகையைத் தள்ளிப்போடுவது மட்டும் வேண்டாம்.

அத்தா ஹஜ் போறப்போ மெனிஞ்சைட்டிஸ் ஊசி போட்டாரு. அது போதுமா?

ஹஜ், உம்ரா பயணிகளுக்குப் போடுவது இதே ஏ-சி-டபிள்யூ-ஒய் வகை ஊசிதான். ஆனால் பயணிக்கு ஒரு டோஸ் போதும். மண்ணீரல் இல்லாதவருக்கு முதல் சுற்றே 8 வார இடைவெளியில் 2 டோஸ். எனவே இன்னொன்று பாக்கி. அவருக்குப் போட்டது கான்ஜுகேட் வகையா வெறும் உறைச் சர்க்கரை மட்டும் உள்ள பழைய பாலிசாக்கரைட் வகையா என்று சான்றிதழில் பாருங்கள். பழையது என்றால் அதைக் கணக்கில் சேர்க்காமல் புதிதாக இரண்டு போடச் சொல்வார்கள். வெளிநாட்டுக் கல்லூரிக்காக ஒரு டோஸ் போட்ட பிள்ளைகளுக்கும் இதே கணக்கு.

குழந்தைக்கு அரசு ஊசியெல்லாம் போட்டிருக்கு. இன்னும் என்ன பாக்கி?

தாய்-சேய் அட்டையை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, ஐந்து நோய்த் தடுப்பூசி. பென்டாவேலன்ட் எனப்படும் இதில் ஹிப் அடங்கும். தமிழ்நாட்டில் இது 2011 டிசம்பரில் தொடங்கியது. நாட்டிலேயே தமிழ்நாடும் கேரளாவும்தான் முதலில். அதற்கு முன் பிறந்து அரசு ஊசி மட்டும் போட்ட பிள்ளைகளுக்கு ஹிப் இருக்காது, அவர்களுக்கு ஒரு டோஸ் வேண்டும். 2011க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு 6, 10, 14 வாரத்தில் மூன்று டோஸ் கிடைத்திருக்கும். ஆனால் ஒன்றரை வயதில் அரசு அட்டவணையில் போடுவது வெறும் டி.பி.டி. ஊக்கத் தவணை, அதில் ஹிப் இல்லை. மண்ணீரல் பிரச்சினை உள்ள 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு வயதைத் தாண்டிய பிறகு ஹிப் ஒரு டோஸ் கூடுதலாகத் தேவை.

இரண்டு, நிமோகாக்கஸ் கான்ஜுகேட். தமிழ்நாட்டு அரசு அட்டவணையில் 2021இல் சேர்ந்தது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம். எந்த நிறுவனத்தின் ஊசி, எத்தனை வகை என்று அட்டையில் இருந்தால் குறித்துக்கொண்டு, கூடுதல் வகை கொண்ட ஒன்று தேவையா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். 2 வயது முடிந்ததும், கடைசி கான்ஜுகேட்டிலிருந்து 8 வாரம் கழித்து நியூமோவாக்ஸ் 23. 5 ஆண்டு கழித்து மறுமுறை. மெனிங்கோகாக்கஸ் அரசு அட்டவணையில் இல்லை. முதல் சுற்றை 7 வயதுக்கு முன் முடித்த பிள்ளைகளுக்கு முதல் ஊக்கத் தவணை 3 ஆண்டிலேயே வரும். அதன் பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை.

ரத்த நோய்க்காக மண்ணீரலை எடுக்கும் அறுவையை முடிந்தவரை 5, 6 வயது வரை தள்ளிப்போடுவதும் இந்தத் தொற்றுப் பயத்தால்தான்.

ஐ.டி.பி. (உடம்பே தன் பிளேட்லெட்டை அழிக்கிற நோய்) இருக்கு, பிளேட்லெட் ரொம்பக் கம்மி. தசையில ஊசி போட்டா ரத்தம் கட்டாதா?

23 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசியால் போட்டு, போட்ட இடத்தைத் தேய்க்காமல் 2 நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலோருக்குச் சிக்கல் வராது. நியூமோவாக்ஸ் 23ஐத் தோலுக்கடியிலும் போடலாம். பிளேட்லெட் ஏறும் நாளைப் பார்த்து ரத்தநோய் மருத்துவர் தேதி குறிப்பார்.

ஐ.டி.பி.யில் இதைவிடப் பெரிய விஷயம் ரிட்டுக்சிமாப். அந்த மருந்து ஆன்டிபாடி தயாரிக்கும் அணுக்களையே துடைத்துவிடும். ஏற்றிய பிறகு 6 மாதத்துக்கு ஊசிக்குச் சரியான பதில் இருக்காது. "முதலில் ரிட்டுக்சிமாப், கேட்கவில்லை என்றால் மண்ணீரலை எடுக்கலாம்" என்பதுதான் திட்டம் என்றால், ரிட்டுக்சிமாபுக்கு 4 வாரம் முன்பே, முடியாவிட்டால் 2 வாரம் முன்பாவது ஊசிகளைத் தொடங்கிவிடுங்கள். மருந்து ஏற்றி ஒரு மாதம் கழித்து அவசர அறுவைக்கு வந்து நின்றால், போடும் ஊசியெல்லாம் பெயருக்குத்தான். 6 மாதம் முடிந்ததும் திரும்பப் போட வேண்டி வரும்.

எங்க போடுறது? கடையில வாங்கிட்டு வரச் சொல்றாங்களே.

பெரிய தனியார் மருத்துவமனைகளின் பெரியவர் தடுப்பூசிப் பிரிவு, பயண மருத்துவ கிளினிக், ஃப்ரிட்ஜ் வைத்து ஒழுங்காக நடத்தும் குழந்தை மருத்துவர் கிளினிக், இவைதான் வசதி. குழந்தை மருத்துவரிடம் பெரியவர் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஹிப் தனி ஊசி பல நேரம் அங்கேதான் கிடைக்கும். அரசு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டவர்கள் அதே துறையிலேயே கேளுங்கள். இருப்பு இருந்தால் அங்கேயே போடுவார்கள், இல்லையென்றால் வெளியே வாங்க எழுதித் தருவார்கள்.

வெளியே வாங்கும்போது குளிர்தான் பிரச்சினை. ஊசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். மே மாத வெயிலில் பாலிதீன் பையில் வைத்து பஸ்ஸில் தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரை எடுத்துப்போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்குப் பயந்து ஐஸ்கட்டியில் புதைத்துக் கொண்டுவருவது இன்னும் மோசம். அலுமினியம் உப்பு சேர்ந்த பிரீவ்னார் போன்ற ஊசி ஒருமுறை உறைந்தால் அவ்வளவுதான், பிறகு உருகினாலும் பயன்படாது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக்கைச் செய்தித்தாளில் சுற்றி, ஊசி நேரடியாக அதன் மேல் படாதபடி வைத்து எடுத்துப்போகலாம். போடும் இடத்திலேயே வாங்குவது எல்லாவற்றிலும் நல்லது.

போடும்போது கவனிக்க: பிரீவ்னார் சிரிஞ்சில் வெள்ளை வண்டல் அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். நன்றாகக் குலுக்கி ஒரே சீராக வெண்மையான பிறகுதான் போட வேண்டும். ஒரு குப்பியில் தூளும் இன்னொன்றில் திரவமுமாக வரும் மெனிங்கோகாக்கஸ் ஊசியும் உண்டு. அவசரத்தில் திரவத்தை மட்டும் உறிஞ்சிப் போட்டால் ஏ வகை உடம்புக்குள் போகாது, ஏனென்றால் அது தூளில் இருக்கிறது. வெளிநாடுகளிலும் பதிவான தவறு இது.

எல்லாத்துக்கும் காசு இல்ல. எது முதல்ல?

நிமோகாக்கஸ் கான்ஜுகேட். பிறகு, 8 வாரத்தில், நியூமோவாக்ஸ் 23. கான்ஜுகேட், மெனிங்கோகாக்கஸ் ஊசிகள் ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய் ஆவதால், மெனிங்கோகாக்கஸை அடுத்த மாதச் சம்பளத்துக்குத் தள்ளுவது புரிந்துகொள்ளக் கூடியதே. நிமோகாக்கஸைத் தள்ளாதீர்கள்.

வேற ஊசிகள்? உயிருள்ள கிருமி ஊசி போடக் கூடாதாமே?

மண்ணீரல் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசிகளை நிறுத்த வேண்டியதில்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் சாப்பிடுபவருக்குத்தான் அந்தத் தடை. மூக்கில் விடும் ஃப்ளூ மருந்து மட்டும் வேண்டாம், ஊசியாகவே போடுங்கள். ஃப்ளூவுக்குப் பின்னாலேயே நிமோகாக்கஸ் நுழையும் என்பதால், மழைக்காலம் தொடங்கும் முன் அந்த ஆண்டுக்கான ஊசி போட்டுக்கொள்வது நல்லது. சிக்கிள் செல் உள்ளவர்களுக்கு சால்மோனெல்லா தொற்றும் அதிகம் என்பதால் டைஃபாய்டு கான்ஜுகேட் ஊசியும் சேரும்.

எல்லா ஊசியும் போட்டாச்சு. இனிமே காய்ச்சல் வந்தா பயமில்லைதானே?

பயம் உண்டு. நிமோகாக்கஸில் 90க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஊசியில் இருப்பவை 13, 20, 23. மேலும் மண்ணீரல் இல்லாத உடம்பு எல்லா ஊசிக்கும் முழுப் பதில் தருவதில்லை.

எனவே விதி இதுதான்: 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தாண்டினால், அல்லது நடுங்கும் குளிர் வந்தால், அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனை. வீட்டில் தெர்மாமீட்டர் வேண்டும். கை வைத்துப் பார்ப்பது போதாது. ஊசி போட்ட மறுநாள் வந்த காய்ச்சலானாலும் இந்த அளவைத் தாண்டினால் "ஊசிக் காய்ச்சல்" என்று விட்டுவிடக் கூடாது.

சென்னையில் காய்ச்சல் என்றதும் நடப்பது நமக்குத் தெரியும். ஒரு டோலோ, இரண்டு நாள் பார்ப்போம், மூன்றாம் நாள் டெங்கு டெஸ்ட். மற்றவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். இவர்களுக்கு மூன்றாம் நாள் என்பதே இல்லாமல் போகலாம். ஆரம்பத்தில் உடம்புவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று சாதாரண வைரல் காய்ச்சல் போலவேதான் இருக்கும். இன்னொரு பொறி ரத்த ரிப்போர்ட். மண்ணீரல் எடுத்தவர்களுக்கு நல்ல நாளிலேயே பிளேட்லெட்டும் வெள்ளணுவும் கூடுதலாக இருப்பது வழக்கம். வழக்கமாக 5 லட்சம் பிளேட்லெட் உள்ளவருக்கு இன்று 2 லட்சம் வந்தால் லேப் அதை "நார்மல்" என்று அச்சடிக்கும். அது நார்மல் அல்ல, சரிவு. நலமாக இருக்கும்போது எடுத்த ரிப்போர்ட் ஒன்றை போனில் வைத்திருந்தால் இது பிடிபடும்.

மருத்துவமனைக்குப் போக நேரமாகும் என்றால் கையிருப்பு ஆன்டிபயாடிக் முதல் டோஸை விழுங்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் எழுதித் தருவது அமாக்ஸிசிலின்-கிளாவுலனிக் 1 கிராம் மாத்திரை, அதாவது 875+125. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் லீவோஃப்ளாக்சசின் போன்ற வேறொன்று. குழந்தைக்கு எடைக் கணக்கு. இதை நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். மாத்திரை போட்டதும் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று பயணத்தை ரத்து செய்யக் கூடாது. மாத்திரை, வழிப்பயணத்துக்கு மட்டும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது: "இவருக்கு மண்ணீரல் இல்லை, காய்ச்சல் வந்திருக்கிறது." காய்ச்சலை மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள். ரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு செஃப்ட்ரியாக்ஸோன் நரம்பில் ஏற வேண்டும், பல இடங்களில் வான்கோமைசினும் சேர்ப்பார்கள். ரிப்போர்ட் வரட்டும் என்று மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது. அக்கம்பக்கத்து கிளினிக்கில் செஃப்ட்ரியாக்ஸோன் இருந்தால் முதல் டோஸைப் போட்டுவிட்டு 108ஐ அழைப்பதே சரி.

தினமும் பெனிசிலின் சாப்பிடணுமா?

குழந்தைகளுக்கு ஆம், குறைந்தது 5 வயது வரை. வழக்கமான அளவு 3 வயதுக்குள் 125 மி.கி., அதற்கு மேல் 250 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை. பெரியவர்களுக்கு அறுவைக்குப் பிறகு ஓரிரு ஆண்டு கொடுப்பது வழக்கம். ஒருமுறை இந்தத் தொற்று வந்து பிழைத்தவருக்கு ஆயுள் முழுக்க. வேளை தவறாமல் சாப்பிட்டாலும் மேற்சொன்ன காய்ச்சல் விதி மாறாது.

நாய் கடிச்சா?

வெறிநாய்க்கடி ஊசியோடு இன்னொன்றும் தேவை. நாயின் எச்சிலில் கேப்னோசைட்டோஃபேகா என்ற கிருமி உண்டு. சாதாரண ஆளுக்கு ஒன்றும் செய்யாத அது, மண்ணீரல் இல்லாதவருக்கு ரத்தத்தில் பரவிவிடும். கீறல் சிறியதானாலும், வீட்டு நாயானாலும், சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அமாக்ஸிசிலின்-கிளாவுலனிக் 3 முதல் 5 நாள் தேவை என்று மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். தெருநாய்க்கடிக்கு ஊசி போடும் இடத்தில் இதை யாரும் கேட்க மாட்டார்கள்.

மலேரியாவும் இவர்களுக்குக் கடுமையாகும். சென்னையில் அதைப் பரப்பும் கொசு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் வளர்வது. தொட்டிக்கு மூடி போடுங்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்குப் பக்கம் பயணம் என்றால் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஆபரேஷன் ஆகி 15 வருஷம் ஆச்சு. ஒரு ஊசியும் போடல. இனிமே எதுக்கு?

மார்ச் 15 என்று மேலே போட்டிருக்கும் இடத்தில் இந்த வாரத் தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள். வரிசை அதேதான், எந்த ஊசியும் குறையாது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்திருந்தால் வயிற்றுத் தழும்பும் ஒரு அல்ட்ராசவுண்டும் போதும். முன்பு ஏதோ ஊசி போட்ட ஞாபகம், ஆனால் சீட்டு இல்லை என்றால் போடாததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இனி போடும் ஒவ்வொன்றுக்கும் குப்பியிலுள்ள ஸ்டிக்கரை நோட்டில் ஒட்டித் தேதி எழுதி வாங்குங்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால் ஊசியின் பெயரும் பேட்ச் எண்ணும். "நிமோ ஊசி போடப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் 5 ஆண்டு கழித்து 13ஆ 23ஆ என்று யாருக்கும் தெரியாது. பர்ஸில் ஒரு அட்டையும் வேண்டும், போனின் பூட்டுத் திரையிலும் அதே வாசகம், தமிழிலும் ஆங்கிலத்திலும்: "எனக்கு மண்ணீரல் இல்லை. காய்ச்சல் என்றால் உடனே நரம்பு வழி ஆன்டிபயாடிக் தேவை." கீழே ரத்த வகை, ஒவ்வாமை உள்ள மருந்து, வீட்டு எண்.